நாற்பத்தொன்றாம் நம்பர் லாக்கர்

சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய நிலக்கரியை ஒரு ஷிப்ட் முழுக்க வாரிப்போட்டுவிட்டு வந்த கலியனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில் தன் இரும்பு லாக்கரைத் திறந்து, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அதே சுரங்கத்தின் நிரந்தர ஊழியர் நல்லசாமி தன் லாக்கருக்குள் வைத்திருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டான். பழைய இரும்புக் கடையில் ஆளுக்கொன்றாக வாங்கிய லாக்கர்கள் அவை. எந்தப் பெயிண்டரோ இரண்டிலும் 41 என்று எழுதிவிட்டிருந்தார். கதவு இரண்டு, உள்ளே இடம் ஒன்று. ஆறு வருஷமாக நல்லசாமியின் மனைவி பேச்சியம்மாள் வைத்த கருப்பட்டி இங்கே வந்தது, கலியன் மனைவி சின்னம்மாள் வைத்த கருவாட்டுக் குழம்பு அங்கே போனது. "கம்ப்யூட்டர்லயும் இப்பிடித்தாம்பா. ரெண்டு புரோகிராம் ஒரே பேரைச் சொல்லிக் கேட்டா, ஆளுக்கொரு கதவு குடுத்து ஒரே மெமரியைக் காட்டும்" என்றாள் பி.எஸ்சி. முடித்த கலியனின் மகள் எழில்மதி.

ஒருநாள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கையை விட்டதில் குழம்பு கவிழ்ந்து நல்லசாமியின் ரேஷன் கார்டு ஊறிப்போனது. அதன்பிறகு கலியன் பெல்ட் வேலையின் வழக்கத்தைக் கொண்டுவந்தான். கையை விடுகிறவர் 'ஆள் வேலையில்' என்ற போர்டை உள்ளே மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.

நல்லசாமி ரிட்டையர் ஆனார். போர்டை மாட்டி, சாமான்களை எடுத்து, லாக்கரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு கோவில்பட்டிக்கு ரயிலேறினார். போர்டைக் கழற்ற மறந்துவிட்டார். அதற்குப் பின்னால் எழில்மதியின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இருந்தன. அவர் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் எம்.சி.ஏ. கவுன்சலிங்.

"கண்ணுக்கு நேரா இருக்குதுப்பா. எடுத்துக்கினு போறேன்."

கலியன் மூன்று விரல் மட்டும் மிஞ்சிய இடது கையைக் குறுக்கே நீட்டினான். எப்போதோ ஒரு கல் கிரஷரில், அவன் மாட்டிய போர்டை அவசரக்காரன் ஒருவன் கழற்றியதில் போன விரல்கள். எழில்மதி நல்லசாமியின் நம்பரைப் போட்டு போனை அவனிடம் நீட்டினாள்.

போனில் நல்லசாமி சிரித்தார். "நீயே கழட்டிருப்பா. நான் சொல்லுதேன்லா."

"மாட்னவரு கைதான் கழட்டணும் சார்."

"கதவே இல்லியேப்பா. காயலான் கடைக்காரன் இந்நேரம் உருக்கிருப்பான்."

எழில்மதி போனைப் பிடுங்கினாள். "கதவுதான் சார் போச்சு, உள்ள இருக்கிறது அப்பிடியே இருக்குது. நாங்க இன்னும் தொறந்துகினுதான இருக்கிறோம். வேற எதுலயாவது அதே நம்பரை எழுதித் தொறங்க."

நல்லசாமி சமையலறை அலமாரியில் சாக்பீஸால் 41 என்று எழுதித் திறந்தார். போர்டு தொங்கியது. "கழட்டணும்னா பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு வரணும். முழுசா" என்றார். கலியன் சரியென்றான். மந்தாரக்குப்பத்தில் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்டு கொக்கியிலிருந்து இறங்கியது.

எழில்மதிக்குச் சீட் கிடைத்தது. தைலம் இப்போது கோவில்பட்டியிலிருந்து வருகிறது. பலாப்பழம் மட்டும் லாக்கர் கதவுக்குள் நுழையவில்லை. சுளையாக உரித்து வைத்ததை நல்லசாமி வீட்டில் தின்று தீர்த்துவிட்டு, அது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். கலியன் நல்லசாமிக்கு இன்னும் ஒரு முழுப் பலாப்பழம் பாக்கி.