துமியும் ஆப்னியும்

கல்பனா கல்கத்தா பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவள். திருவேங்கடம் வங்கி மாற்றலில் மதுரையிலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டவர். தமிழில் புருஷனை 'நீங்க' என்றுதான் அவள் கூப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அறைக்கதவைச் சாத்தியதும் வங்காளிக்கு மாறிவிடுவாள். அதில் அவர் 'துமி'. துமி என்றால் நீ. அந்த ஒரு வார்த்தைக்காகவே மனிதர் வங்காளி கற்றுக்கொண்டார் என்றாலும் தப்பில்லை.

ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு மூளை தேயும் நோய் வந்தது. முதலில் தமிழ் போயிற்று. வங்காளி மிஞ்சியது. ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுவந்தவரை அவள் 'ஆப்னி' என்றாள். அது வெளியாட்களுக்குச் சொல்லும் நீங்கள். அவர் அசரவில்லை. பழைய தமிழ் 'நீங்க'தான் வங்காளியில் அப்படி வருகிறது என்று டாக்டரிடமே விளக்கம் சொன்னார். டாக்டர் மறுத்துப் பேசவில்லை. மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் ஆயா வேலைக்கு வந்த மாஷி பார்த்துக்கொண்டாள். தலைபின்னுவதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளைத் தொடுவதற்கு அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

போன வியாழக்கிழமை அவர் சீப்பை எடுத்ததும் கல்பனா தோளைக் குறுக்கிக்கொண்டாள். மாஷியின் புடவையைப் பிடித்து இழுத்து வங்காளியில் சொன்னாள்:

"இவரு எதுக்கு என்னைத் தொடுறாரு? துமி சொல்லேன். எனக்குப் பயமா இருக்கு."

திருவேங்கடம் சீப்பைத் தாழ்த்தினார். அந்த வார்த்தை எங்கேயும் போய்விடவில்லை. பத்திரமாக இருக்கிறது. அவருக்குத்தான் இல்லை. மாஷிமேல் ஆத்திரம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். சீப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்.

வெளியே போய்விடலாம் என்று வாசல்வரை நடந்தார். முடியவில்லை. திரும்பி வந்து, கட்டிலுக்கு எட்ட ஒரு நாற்காலியைப் போட்டு, கட்டிய பெண்டாட்டியை முதல்முறையாக 'ஆப்னி' என்று அழைத்து, இங்கே கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார்.

அவள் தோள் இறங்கியது. முகம்கூடத் தெளிந்தது.

"தாராளமா உட்காருங்க," என்றாள். வந்தவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது இன்னும் மறக்கவில்லை. "வீட்டுல யார் யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. நான் ஒருத்தன்தான்."

ஐயோ என்று கல்பனா அவருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள்.