அப்பாவின் ஒன்பதாம் நாளும் புது டைல்ஸும்

என் கணவன் நெஃப்தாலிக்கு வாய் நீளத்தில் பாதியாவது கைவேலை தெரிந்திருந்தால் நான் ராணியாக இருந்திருப்பேன். எங்கள் மேல்மாடிக் குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினான். தரை உயர்ந்துவிட்டது. டாய்லெட் உட்கார வேண்டிய குழாயின் வாயும் அதைச் சுற்றிய வளையமும் பள்ளத்தில் கிடந்தன.

"அந்த வளையத்தையும் உசத்தணும்ப்பா. குழாய்க்காரரைக் கூப்பிடு" என்றேன்.

"அவன் எதுக்கு? இடைவெளியை அடைக்கிற மெழுகை இன்னும் கொஞ்சம் அப்பினா ஆச்சு. ஜெபமாலைக்கு ஊரே வரப்போகுது, டாய்லெட் இல்லன்னு அவங்கள வாசலோட நிக்கச் சொல்றியா?"

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், ஊரே வந்தது. தூரத்துப் பொன்சே நகரத்திலிருந்து அத்தைமார்கள்கூட வந்திருந்தார்கள். கீழ்வீட்டில், அம்மாவின் கூடத்தில் அப்பாவின் படம், அதற்கு மேலே மாதா சொரூபம். கீழ்க் கழிப்பறையில் கூட்டம் என்பதால் பாதிப்பேர் எங்கள் மாடிக்கு ஏறினார்கள். நெஃப்தாலி ஒவ்வொருவருக்கும் தன் தரையைக் காட்டிவிட்டு இறங்கினான்.

ஜெபம் பாதியில் இருக்கும்போது மேலே யாரோ ஃபிளஷ் செய்தார்கள். சற்று நேரத்தில் மாதாவின் கன்னத்தில் ஒரு துளி இறங்கியது.

"ஐயோ, மாதா அழுறாங்க!" என்று பக்கத்து வீட்டுக் குருசிதா அலறினாள். துளியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தைமார்களும் முண்டியடித்தார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் குழாய் இறங்கும் இடம் ஈரமாக இருந்தது. சொன்னால் மானம் போகும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நெஃப்தாலியும் பார்த்துவிட்டான், உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா எழுந்தாள். விரலில் ஒரு துளியை ஏந்தி உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வேணாம்மா! அது எங்க டாய்லெட் தண்ணி! மேல ஒழுகுது!" என்று கத்திவிட்டேன்.

குருசிதா துணிகூடத் தேடாமல் கையாலேயே நெற்றியைத் தேய்த்தாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அம்மா தன் விரலை நெஃப்தாலியின் வெள்ளைச் சட்டையில் நிதானமாகத் துடைத்தாள்.

"தரை ரொம்ப அழகா இருக்கு மாப்ளே."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பாவுக்காக மாதாவே அழுறாங்கன்னு நெனச்சேன்டி. அவர் போனதுலேருந்து இப்பத்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துணி எடுத்து வந்து மாதாவின் கன்னத்தைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் மேலே மறுபடி யாரோ ஃபிளஷ் செய்தார்கள்.