காதோடு சொன்னது

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நம் வீடுதான். ஒருத்தி நெஞ்சுக்குள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்த கேள்வியின் கதையைச் சொல்கிறேன்.

பூட்டுக்காரருக்கு அவர் மனைவி சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். விறைத்துப்போன கை வளைய மறுத்தது. முந்தின மாலை கடையைச் சாத்திவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சரிந்து உயிரை விட்டுவிட்டார்.

"அக்கா, அந்த நாடகக் கோட்டு இருக்கே, அதைப் போடலாமே. அதுலதான் மாமா ராஜாவாட்டம் இருப்பார்," என்றான் அவள் தம்பி.

"ஊருக்கு ராஜாவா இருந்தது போதும். வீட்டுச் சட்டையிலயே போகட்டும்."

தம்பி வண்டி பார்க்கப் போனான்.

அந்த ஊரில் ஒரு நாடகக் குழு உண்டு. பழைய கிடங்குதான் அரங்கம். பகலெல்லாம் பூட்டு திறப்பவரும் ரொட்டி சுடுபவரும் துணி தைப்பவளும் பொழுது சாய்ந்தால் அங்கே வேறு ஆட்களாகிவிடுவார்கள். வருடா வருடம் கூட்டம் அலைமோதுவது கப்பல்காரன் நாடகத்துக்குத்தான். கப்பல்காரன், நம் பூட்டுக்காரர். அவன் பெண்டாட்டி, தையல்காரி. கடைசிக் காட்சியில் கிளம்பும் முன் அவன் அவள் காதோடு ஏதோ சொல்வான். அதற்கு வசனம் கிடையாது, கூட்டத்துக்கும் கேட்காது. அவள் சிரிப்பாள், பிறகு அழுவாள். கிடங்கு முழுக்க மூக்கை உறிஞ்சும்.

மூன்றாவது வரிசையில் இருக்கும் பூட்டுக்காரர் மனைவிக்கு மட்டும் வயிறு எரியும். வீட்டில் அந்த மனுஷன் வாயைத் திறந்தால் 'உப்பு கம்மி', அவ்வளவுதான்.

"அப்படி என்னதான் சொல்றீங்க அவகிட்ட?" என்று ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"வாய்க்கு வந்ததை," என்றார், சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டே.

அதோடு முட்டிவலி என்று சொல்லி நாடகத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அவர் மட்டும் ஒவ்வொரு வருடமும் டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

இப்போது வாசலில் கூடியிருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. "ரெண்டாவது சம்சாரம் வந்தாச்சு," என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. தையல்காரிதான். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அங்கேயே நிக்காதே. உள்ள வந்து கதவைச் சாத்து," என்றாள் மனைவி.

சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன். இவரை வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதே. கடைசில உன் காதுல என்ன சொல்வார்?"

தையல்காரி அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களைப் பத்தித்தான் அக்கா."

"ஆறுதலெல்லாம் வேணாம் எனக்கு."

"சத்தியமா. மேடையில விளக்கு கண்ணைக் கூசுமா, முன்னாடி நாலு வரிசைதான் தெரியும். 'வந்திருக்காடி. கொட்டாவி விடறா பாரு'ம்பார். ஒரு வருஷம், 'நான் வாங்கின தோடு போட்டிருக்கா, நல்லாத்தான் இருக்கு'ன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும்."

மனைவி கடைசிப் பொத்தானைப் போட்டாள். அது சரியாகத்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"நான் வராம போனப்புறம்?"

தையல்காரி நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"சும்மா வாயை அசைப்பார், அக்கா. சத்தம் வராது. நானா சிரிச்சுக்குவேன்."

வெளியே வண்டி வந்து நின்றது. தம்பி கதவைத் தட்டினான்.

வண்டிக்குள் அவரைக் கிடத்திய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பலகைதான். மனைவி நகர்ந்து தையல்காரிக்கு இடம் விட்டாள். தெருவிலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி கிடங்குத் தெருவில் திரும்பியது. கிடங்கின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ரொட்டிக்காரர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லவா, அக்கா?" என்றான் தம்பி முன்னாலிருந்து.

"வேணாம். மெதுவாப் போகச் சொல்லு."

வண்டி மெதுவாகப் போனது. அவள் கழுத்தைத் திருப்பி, கதவு கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே போனாள்.

நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.