கோவர்த்தனன் பேருக்கு ஒரு மெழுகுவத்தி

நாகபூஷணத்துக்கு எந்தச் சாமியானாலும் நடுவில் ஒரு பூசாரி வேண்டும். பேரையும் நட்சத்திரத்தையும் அவர் காதில் போட்டுவிட்டால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். நாம் பின்னால் கைகூப்பி நின்றால் போதும். அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து வீட்டு ரத்தினம்மா கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு நகரியில் ரயிலேறினார்.

"அண்ணா, மெட்ராசுக்குப் புடவ எடுத்துக்கினு போறியே, செவ்வாக்கிழம அந்தோணியார் கோயில்ல இத்த ஏத்திட்டு வா. அவுரு பேரச் சொல்லி வேண்டிக்கினா சீக்கிரமா வூட்டுக்கு வந்துடுவாரு" என்று மஞ்சள் துணியில் சுற்றிய மெழுகுவத்தியைக் கொடுத்திருந்தாள்.

அவள் புருஷன் கோவர்த்தனன் சித்தூர் ஜெயிலில் இருந்தான். ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து நகரி ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்கிற சண்டை ஓயவில்லை. அந்தச் சூட்டில் ரயில் ஸ்டேஷன் பலகையின் தெலுங்கு எழுத்தில் யாரோ தார் பூசிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, ஏணியில் ஏறியவன் கோவர்த்தனன், கீழே டின்னைப் பிடித்தவர் நாகபூஷணம். போலீஸ்காரர் வந்து இவர் வேட்டி ஓரத்துக் கறையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் வாய் கோவர்த்தனன் பேரைச் சொல்லிவிட்டது. அடிகூட விழவில்லை. அடி வாங்கிச் சொல்லியிருந்தால் மனசுக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

பட்டணத்தில் புடவைகளைக் கடையில் போட்டுவிட்டு அரண்மனைக்காரத் தெருவுக்கு நடந்தார். கைவண்டிகளும் மூட்டைகளும் முட்டி மோதும் அந்தப் பழைய தெருவில், வெள்ளைக்காரக் கும்பினி காலத்திலிருந்து நிற்கிறது மாதா பேராலயம். சனங்கள் வாயில் அது அந்தோணியார் கோயில்தான். ரத்தினம்மா கொடுத்தது போதாதென்று இவர் தன் பங்குக்குத் தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் ஒரு தட்டோடு வாங்கிக்கொண்டார். குற்றமுள்ள மனசு தாராளமாகத்தான் வாங்கும்.

உள்ளே கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. தடித்த சுவர்களுக்குள் வெளிச்சத்தம் வரவில்லை. பூவும் பொட்டுமாகப் பெண்கள் முழங்காலில் நின்றார்கள். இவர் தட்டை ஏந்திக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். அர்ச்சனைக்கு ஒருவரும் வரவில்லை.

"யாரத் தேடுற நைனா?" என்றாள் பக்கத்தில் இருந்த கிழவி.

"பேரு சொல்லணும். கேட்டுக்கிறவரு யாரு?"

"இங்க யாரும் கேட்டுக்க மாட்டாங்க. வத்திய ஏத்தி நீயே உன் வாயால சொல்லு."

உன் வாயால.  நாகபூஷணம் மெழுகுவத்தியை எரிகிற வத்தி ஒன்றின் சுடர் அருகே கொண்டுபோனார். பீடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தோணியார் இவரைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "கோ..." என்று ஆரம்பித்தார். போலீஸ்காரரிடம் அவ்வளவு சுலபமாக வந்த பேர் இங்கே வர மறுத்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. தட்டைக் கிழவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏற்றாத மெழுகுவத்தியோடு வெளியே வந்துவிட்டார்.

ரயிலில் வரும்போது, ஏற்றியாயிற்று என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். மெழுகுவத்தியைத் திருவாலங்காட்டில் ஜன்னல் வழியாக எறியக் கையை ஓங்கியும் பார்த்தார். கை கேட்கவில்லை.

ரத்தினம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "வா அண்ணா. ஏத்தினியா? பேரு சொன்னியா?"

மஞ்சள் துணியை அவளிடம் நீட்டினார். "அங்க சொல்ல வாய் வரல ரத்தினம்மா. போலீஸ்ல சொன்னது இந்த வாய்தான். தார் டின்னப் புடிச்சிக்கினு இருந்தது நான். அவன் பேரச் சொல்லிட்டு நான் தப்பிச்சிக்கினேன்."

 அவள் கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மெழுகுவத்தியை வாங்கி, உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மறுபடி துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வர்ற செவ்வாக்கிழம நானே போய்க்கிறேன்" என்றாள்.

அண்ணா என்று சொல்லவில்லை.