கிழக்குச் சரிவின் கால்தடம்

மெரேயானாவுக்கு அன்று மதியத்துக்குள்ளேயே தொண்டை கட்டிவிட்டது. கவுரிக் காட்டின் வாசலில் நின்றுகொண்டு, "மண்ணு போகத் தேய்ங்க, அடியில மருந்து படணும், இன்னொரு தடவை" என்று நூறு பேருக்காவது சொல்லியிருப்பாள். தலையாட்டுவார்கள். பிறகு தூரிகையில் பூட்ஸை ஒரு தடவு தடவிவிட்டுப் போவார்கள். அவள் திரும்பக் கூப்பிடுவாள். ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு.

கவுரி மரத்தைக் கொல்லும் கிருமி மண்ணில் இருக்கிறது. நகக்கண்ணில் ஒட்டும் அளவு ஈரமண் போதும், ஆயிரம் வருஷம் நின்ற மரம் வேரிலிருந்து அழுகத் தொடங்கும். மருந்து ஊசி போட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். குணமாக்க இன்னும் வழியில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதில் பாதிக்குச் சேறு.

"கழுவிட்டுப் போங்க."

"காட்டுப்பன்னி கால் கழுவிட்டா உள்ள போகுது?"

"பன்னி சொன்னா கேக்காது. நீங்க கேப்பீங்கன்னு நம்பிச் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே வாசல் சங்கிலியைத் தாண்டிப் போய்விட்டார். மெரேயானா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினாள். ஐம்பத்துமூன்று வயசில் மரப்பலகைப் பாதையில் ஓடுவது லேசில்லை. பெரிய வளைவில் அவர் பலகையை விட்டு இறங்கி, படம் எடுக்க ஒரு கவுரியின் வேர்மேலேயே ஏறி நின்றிருந்தார்.

"இறங்குங்க. நீங்க நிக்கிறது அதோட வாய் மேல."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் பலகை மேல் ஏறினார். அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால், கிழக்குச் சரிவில், அவள் அதைப் பார்த்தாள். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத ஒரு மரம். அடியைச் சுற்றிப் பிசின் வழிந்து வெள்ளையாக உறைந்திருந்தது. உச்சியில் இலை மஞ்சளாகி, கிளைகள் எலும்பு தெரிய நின்றன.

பண்ணைக்காரரை வாசலுக்குக் கூட்டிவந்து, பூட்ஸை அவளே கழுவி அனுப்பினாள். தன் பூட்ஸுக்கு இரண்டு முறை மருந்தடித்துக்கொண்டு, மண் எடுக்கும் குழாயோடும் சீல் பைகளோடும் திரும்பிப் போனாள். மரத்தடியில் மண் கிளறிக் கிடந்தது. பன்றிக் குளம்பு, மனிதனின் பூட்ஸ் தடம், நாய்த் தடம். நாயின் முன்னங்காலில் மூன்று விரல்தான். அந்த நாயை அவளுக்குத் தெரியும். ஒரு விரலைப் பொறியில் இழந்த அந்த நாய் அவள் தம்பி ரெவிட்டியுடையது.

சாயந்தரம் நேராக அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கொட்டகையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"கிழக்குச் சரிவுக்குப் போனியா?"

"எந்தச் சரிவு?"

"நடிக்காதே. உன் நாயோட கால்தடத்தப் பாத்துட்டுதான் வரேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "பன்னி ஓடுச்சு, நாய் துரத்துச்சு, நான் நாய் பின்னாடி போனேன். நின்னு அனுமதி வாங்கிட்டா போக முடியும்?"

"பூட்ஸக் கழுவினியா?"

"மறந்துட்டேன்க்கா."

"அதுக்கு முந்தின நாள் எங்க இருந்தே?"

நாயைத் தடவிக்கொண்டே, தெற்குப் பண்ணையில் என்றான். போன வருஷம் ஆறு கவுரி செத்த இடம்.

"ஊரான் பூட்ஸையெல்லாம் நான் தேய்ச்சிட்டு நிக்கிறேன். என் கூடப் பொறந்தவன் பின்வாசல் வழியா நோயைச் சுமந்துட்டுப் போறான்."

"பன்னிங்க வேரைத் தோண்டி நோயப் பரப்புது, அதுங்களத் தொலைக்கணும்னு ஊர் மராயே கூட்டத்துல பேசினது யாரு? நீதானே. அப்புறம் நான் அடிச்ச பன்னிக்கறிய ரெண்டு தட்டு வாங்கித் தின்னே. அப்ப எந்தச் சரிவுப் பன்னின்னு கேக்கல."

உண்மைதான், தின்றாள். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். ஐந்து வாரம் அவனோடு பேசவில்லை.

ஆறாவது வாரம் மண் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இருக்கிறது. ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "பிசின் இவ்வளவு வழியுதுன்னா நோய் புகுந்து ரொம்ப வருஷம் ஆகியிருக்கும். பத்துகூட இருக்கலாம்."

"போன மாசம் வந்த நாய் காரணமில்லையா?"

"இந்த மரத்துக்கு இல்ல. ஆனா அங்கேர்ந்து வேற எங்கயாவது மண்ணைக் கொண்டு போயிருந்தா, அது தெரிய இன்னும் பல வருஷம் ஆகும்."

போனை வைத்துவிட்டு மெரேயானா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் கழுவும் கொட்டகையும் இல்லை, பலகைப் பாதையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை அந்தச் சரிவுக்கு வரிசையாகக் கூட்டிப்போனவள் அவள்தான். மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னவளும் அவள்தான். யாரைத் திட்டுவது? தம்பி மேல் வைத்திருந்த கோபம் பிடிமானமில்லாமல் ஆடியது. ஆனால் போய்விடவும் இல்லை.

மறுவாரம் ஊர்ப் பொதுமன்றமான மராயேயில் கூடி, கிழக்குப் பக்கம் முழுவதற்கும் ராஹுயி என்னும் ஊர்த்தடையை விதித்தார்கள். தடை நீங்கும்வரை யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது, அவளும்தான். மருந்து ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு.

வேலி போடும் அன்று ரெவிட்டி யாரும் கூப்பிடாமலே வந்தான். நாயை வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்தான். பூட்ஸ் புதுசு. அதையும் அவள் பார்க்கும்படி நின்று தேய்த்தான்.

"இப்ப போதுமாக்கா?"

"குதிகால்ல இன்னும் மருந்து படல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி காலைத் தூக்கினான். அவள் கம்பிச் சுருளின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். மதியம்வரை இருவரும் முதுகு காட்டியபடி வேலை செய்தார்கள். நடுவில் ஒரு வெளியூர்த் தம்பதி வந்து, அந்தப் பக்கம் அஞ்சு நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் ரெவிட்டியே முடியாது என்றான். ஏன் என்று கேட்டார்கள்.

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கம் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது. இந்தத் தடவை அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.