பழைய லேபிள் தீரும்வரை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். ‘வெண்துளி’ கண்ணாடிப் புட்டியிலிருந்து பிளாஸ்டிக் புட்டிக்கு மாறிய ஆண்டை ஒன்று தள்ளி எழுதிவிட்டேன். பழைய விளம்பரக் காலண்டரில் பிளாஸ்டிக் புட்டியின் படம் இருந்தது, அந்த ஆண்டையே போட்டேன். காலண்டரை முந்தைய ஆண்டிலேயே அச்சடித்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கம்பெனியின் இந்தக் கிருமிநாசினிக்கு இது எழுபதாம் ஆண்டு. விழா மலரின் வரலாற்றுப் பக்கங்களைத் தொகுக்கும் வேலையை, அலுவலகத்தில் எல்லோருக்கும் இளையவளான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரப் பிரிவு மேலாளர் தவறைக் கண்டுபிடித்துவிட்டார். “கிடங்குப் பதிவேட்டப் பாத்து சரி பண்ணும்மா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வகுப்பில் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். இந்த மாதம் வேதியியல் மாலை வகுப்பில் கரைசல் கணக்கு நடக்கிறது. போன தேர்வில் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்தவள் நான் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 7, புதன்

பதிவேடு கிடைத்தது. பிளாஸ்டிக் புட்டி வந்தது இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், அக்டோபரில். குறித்துக்கொண்டேன். பதிவேட்டை அத்துடன் மூடியிருக்கலாம். அடுத்த தாளையும் திருப்பினேன்.

“மார்ச் 3. இன்று முதல் புதிய அடர்த்தி, இரு மடங்கு. மூடி அதே அளவு. பழைய லேபிள் கையிருப்பு 84,000. தீரும்வரை ஒட்டவும்.” கீழே அன்றைய ஆலை மேலாளரின் கையெழுத்து.

நான்கு பக்கம் தள்ளி இன்னொரு குறிப்பு: “நவம்பர் 19. பழைய லேபிள் தீர்ந்தது. புதிய லேபிள் தொடக்கம்.”

இரண்டு லேபிள்களும் என் கோப்பில் இருக்கின்றன. பழையதில் ‘ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி’. புதியதில் ‘ஒரு மூடி’. என் கணக்கை நானே நம்பாததால் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே விடைதான். எட்டரை மாதம், லேபிளை நம்பி ஊற்றிய ஒவ்வொருவரும் இரண்டு மடங்கு காரத்தை ஊற்றியிருக்கிறார்கள். லேபிள் வீணாகக் கூடாது என்று!

அந்த ஜூலையில்தான் சித்திக்கு அது நடந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. அப்போது ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டைத் துடைப்பவள். கையுறை எல்லாம் அந்த நாளில் கிடையாது. ஒரு நாள் காலையில் வெண்துளி போட்டுத் தரையைத் துடைத்தாள். மணிக்கட்டுவரை தோல் உரிந்து வந்தது. ஈரம் காய்வதற்குள் கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்த ஒரு குழந்தைக்கு இரண்டு முழங்காலும் வெந்துவிட்டன. “கண்ணு மண்ணு தெரியாம ஊத்தியிருக்கா” என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். அன்றே வேலை போயிற்று. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

அதிலிருந்து அவள் எதையும் பாதிதான் போடுவாள். சோப்புத்தூள் பாதி, உப்பு பாதி, டீத்தூளும் பாதி. வீட்டில் அவளுக்குப் பெயரே ‘அரைமூடி’. நானும் சிறு வயதில் ‘அரைமூடி சித்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடியிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மலரின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: “மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த சம்பவத்தைத் தொடர்ந்து, மக்கள் நலன் கருதி லேபிளை எளிமையாக்கினோம்.” மேலாளர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். ‘ஒருவர்’ இரண்டு முறை வந்ததை ஒன்றாக்கி வரியை அழகாக்கியவளும் நான். அது யாரென்று அப்போது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், பதினோராம் பக்கத்துல ஒரு வரி தப்பா இருக்கு.”

“என்ன, கமா விட்டுப்போச்சா?”

“கவனக்குறைவுன்னு போட்டிருக்கோமே, அது.”

இரண்டு குறிப்புகளையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றினார். மறுபடி போட்டுப் படித்தார்.

“இத யாரு உன்னப் பாக்கச் சொன்னா?”

“நீங்கதான் சார். புட்டி மாறின வருஷத்துக்காக.”

“வருஷத்தப் பாத்துட்டு மூடிட வேண்டியதுதானே?”

“அடுத்த பக்கம்தான் சார்.”

“இங்க பாரும்மா. விழா மலர்ங்கிறது கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதுல போய் யாராவது பழைய சண்டைய அச்சடிப்பாங்களா?”

“சண்டை வேணாம் சார். பழிய மட்டும் எடுத்துடலாம்.”

“பழி எங்க இருக்கு? பேரா போட்டோம்? ‘துப்புரவுப் பணியாளர் ஒருவர்.’ ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. யாருன்னு யாருக்குத் தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியுமே சார்.”

அவர் சிரித்தார். “அவங்க இதையெல்லாம் படிக்கவா போறாங்க? போ, இத இருந்த இடத்துலயே வெச்சுடு. நாளைக்கு மத்தியானம் அச்சகத்துக்கு அனுப்பணும். எல்லாப் பக்கத்துலயும் ‘சரிபார்த்தேன்’னு கையெழுத்துப் போட்டு என் மேசைல வை.”

அவள் என் சித்தி என்று சொல்லத்தான் போனேன். வாய்வரை வந்தது. “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது காதெல்லாம் எரிந்தது. சரியாம் சரி! எது சரி?

வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீடு. அம்மாவும் சித்தியும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன, ஆராய்ச்சி மேடம் சீக்கிரமே வந்துட்டாங்க?” என்றாள் அம்மா.

நோட்டைத் திறந்து, பதிவேட்டிலிருந்து எழுதி வந்ததை ஒன்று விடாமல் படித்தேன். மேலாளர் சொன்னதையும் சொன்னேன். சித்தி கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாள். அதன் பிறகுதான் பேசினாள்.

“எந்த மாசம் மாத்தினானுங்க?”

“மார்ச், சித்தி.”

“எனக்கு ஆனது ஜூலை.”

“ஆமா.”

“அப்போ புட்டில ரெண்டு மூடின்னுதான் இருந்துது?”

“ரெண்டுன்னுதான் இருந்துது.”

“ரெண்டுதாண்டி ஊத்தினேன். மேஸ்திரிகிட்ட சொன்னேன். டாக்டரம்மாகிட்ட சொன்னேன். சொல்லிச் சொல்லி, ஒருவேளை நாலு ஊத்திட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“நீ ஏங்க்கா அழுவுற? அரைமூடின்னு மொதல்ல கூப்பிட்டதே நீதான?”

“வெளையாட்டுக்குத்தானே...”

“வெளையாட்டு! அந்தக் கொழந்தையோட அம்மா என் மூஞ்சில துப்பினா. தொடச்சிக்கக்கூட இல்ல நான். செஞ்சவ வாங்கிக்கத்தான் வேணும்னு நின்னேன். அன்னிக்கு இந்த எழுபது வருஷக் கம்பெனிக்காரன் ஒருத்தனாவது பக்கத்துல நின்னானா?”

சித்தியிடமே, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அந்த வரியை நீக்கச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“எடுக்கச் சொல்லாத. என் பேரப் போடச் சொல்லு. லேபிள மாத்தாம வித்தாங்க, இவ அதப் பாத்து ஊத்தினா, கை போச்சு, வேலை போச்சுன்னு முழுசா போடச் சொல்லு. நான் படிக்க மாட்டேன்னா சொன்னான் அந்த ஆளு? அவனுங்க எழுதினதப் படிச்சுத்தானேடி ஊத்தினேன்!”

“இவ வேலை போயிடும்டி” என்றாள் அம்மா.

“போகட்டும்னு நான் சொல்லல. அவதான் சொல்லணும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போனால் வகுப்புக்கும் முழுக்குத்தான். நான்காம் முறையும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. சந்தேகப்பட என்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. “காலைல நீயும் வா சித்தி” என்றேன்.

நாளை செய்ய வேண்டியது: ஒன்பது மணிக்கு முன் கிடங்குக்குப் போய்ப் பதிவேட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் மூன்று நகல் எடுக்க வேண்டும். பதினோராம் பக்கத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ‘சரிபார்த்தேன், இந்த வரி பொய்’ என்று எழுதி, மார்ச் 3, நவம்பர் 19 என்ற தேதிகளைக் குறித்து, சித்தி சொன்ன வரியைக் கீழே எழுதி, நகலைச் சேர்த்து மேலாளர் மேசையில் வைக்க வேண்டும். இன்னொரு நகல் மருத்துவமனைக்கு. ஒன்று சித்திக்கு. அவள் பத்து மணிக்கு வருகிறாள். வாசலில் நிறுத்திவிடாமல் இருக்க, வரவேற்பறையில் அவள் பெயரை முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.