குழந்தையை ஏந்தும் பாடம்

ஞானஸ்நானப் பாடம் நடத்த வேண்டிய வாரம் வந்துவிட்டால் போதும், பேராசிரியருக்கு இடது கை கனக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. ஆனால் முழங்கை மடிப்பில் யாரோ தலை வைத்துப் படுத்திருப்பது போலக் கனம். சில சமயம் மூச்சு படுவது போலச் சூடு. பயமாகத்தான் இருந்தது. வழிபாட்டு இறையியல் சொல்லித் தருகிற மனுஷன் இதை யாரிடம் போய்ச் சொல்வார்?

விஷயம் இதுதான். அவர் இளம் போதகராக இருந்தபோது, அவருடைய முதல் குழந்தை, பெண், மூச்சில்லாமல் பிறந்தது. "ஞானஸ்நானம் குடுங்க" என்றாள் மனைவி. "அது உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்" என்றார் அவர். வேதப்படி சரியான பதில். யார் இல்லை என்றது? அதற்குப் பிறகு அவர் திருவிருந்து நடத்தும் நாட்களில் அவள் பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. அவர் கையிலிருந்து அப்பம் வாங்க ஒருநாளும் கை நீட்டியதில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவர் பாடம் நடத்தும் இறையியல் கல்லூரியிலேயே நூலகராக இருந்துகொண்டு, வேளாவேளைக்குச் சோறும் போட்டாள். தன் பதில் சரிதான் என்று நிரூபிக்க அவர் மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றையும் அவளே அட்டை போட்டு அலமாரியில் அடுக்கினாள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் கை நீட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அன்று பயிற்சிச் சிற்றாலயத்தில் பன்னிரண்டு மாணவர்கள். ஏந்திப் பழக ஒரு பொம்மை. நிஜக் குழந்தையின் எடை இருக்க உள்ளே மணல் அடைத்தது. ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். பாவனைக்குச் சடங்கு செய்யக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இத்தனை போதகர்கள் கைபட்டும் இன்னும் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அவர் சிரித்ததே இல்லை.

"தலை எப்பவும் இடது கையில. வலது கை தண்ணிக்கு" என்று பொம்மையை ஏந்திக் காட்டினார்.

வகுப்பில் ஒருவன் இருந்தான், விடாக்கண்டன் என்று பட்டப்பெயர். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போகிறவன். "ஐயா, பிள்ளை இறந்தே பிறந்து, தாய் கேட்டா என்ன சொல்றது?"

குறிப்பேட்டில் பதில் இருந்தது. வருஷா வருஷம் வாசிக்கிற பதில். வாசிக்க வாயெடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். வழிபாட்டு நூல்களைத் திரும்ப எடுத்துப்போக மனைவி வந்து, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒருத்தி கேட்டா" என்றார் மெதுவாக. "முடியாதுன்னேன். சரியாத்தான் சொன்னேன். அந்தச் சரியை வச்சுக்கிட்டு இருபத்திரண்டு வருஷமா தூக்கமில்லாம இருக்கேன்."

மணி அடித்தது. பையன்கள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"நான் அன்னிக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கணும்" என்றார்.

"யாரு சொன்னா?" அவள் திரும்பவில்லை. "நீங்க சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரியும். நானும் வேதம் படிச்சவதானே."

"அப்புறம் என்ன கோவம்?"

"அவளை உங்ககிட்ட நீட்டுனேங்க. நீங்க கையில புத்தகத்தை வச்சுக்கிட்டு எனக்கு விளக்கம் சொன்னீங்க. வாங்கவே இல்ல. கை ஓஞ்சுபோற வரைக்கும் நீட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில நர்ஸ்தான் வாங்கிட்டுப் போனா."

அவருக்கு ஞாபகம் இல்லை. விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருந்தது. இது இல்லை. ஊரார் பிள்ளைகளை ஏந்தச் சொல்லிக் கொடுத்தே வயதாகிப்போன மனுஷன், தன் பிள்ளையை ஒரு தடவைகூட ஏந்தியதில்லை.

பொம்மையை மேஜையில் கிடத்தினார். இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். அவற்றில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.